பங்களாவின் நாற்பத்தொரு புளியமரங்கள்

போன மாதம் என் மகள் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அப்பா, நீ வேலை செஞ்ச பங்களாதானே இது?" என்று கேட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அதேதான். விற்பனைக்கு வந்திருக்கிறது. பாரம்பரிய மாளிகையாம், தேக்குத் தூண்களாம், கல்வராயன் மலையைப் பார்த்த மாடமாம், புதுப்பித்துக்கொள்ள ஏற்றதாம். புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூடி வை அந்தக் கருமத்தை" என்று கத்திவிட்டேன். எழுபது வயதுக் கிழவனுக்கு ஒரு விளம்பரத்தைப் பார்த்து இத்தனை கோபம் எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. கோபம் விளம்பரத்தின் மேல் இல்லை, என் மேல்தான்.

அந்தப் பங்களாவின் முன்னால் நாற்பத்தொரு புளியமரங்கள் நின்றன. அவற்றுக்குச் சுண்ணாம்புப் பட்டை அடித்தது நான். அதனால் ஒரு மனிதர் அடிபட்டார். அவர் அடிபடுவதை நான் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கட்டிக்கொண்டவளிடம்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். இங்கே எழுதிவிடுகிறேன்.

இட ஒதுக்கீட்டுக்காக எங்கள் ஆட்கள் ரோட்டை மறித்த காலம் அது. எனக்கு முப்பதைத் தாண்டியிருந்தது. கொத்தனாராக இருந்து மேஸ்திரியாகி மூன்று வருடம். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் ரோட்டில் இருந்த அந்தப் பங்களாவை ஊரில் எல்லோரும் ஜமீன் பங்களா என்பார்கள். கட்டிய பெரியவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகியிருந்தது. பேரன்கள் இரண்டு பேரும் மெட்ராஸில் இருந்தார்கள், ஒருவருக்கொருவர் ஆகாது. மூத்தவர்தான் என்னைக் கூப்பிட்டார். வாங்குவதற்கு ஆள் வந்திருக்கிறது, அதற்குள் கூரையையும் சுவரையும் ஒப்பேற்றிக் கொடு என்றார்.

வாங்க வந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆலைக்காரர். நல்ல மனிதர், வீட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மாடியில் மழை ஒழுகுவதைக் காட்டினேன், உத்திரத்தில் கறையான் ஏறியிருப்பதைக் காட்டினேன். எதற்கும் முகம் சுளிக்கவில்லை. திரும்பிப் போகும்போது முன்னால் நின்ற புளியமரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வீட்ட நான் எப்படி வேணாலும் சரி பண்ணிக்குவேனுங்க. இதுல ஒரு மரம் கொறைஞ்சாலும் எனக்கு இந்த எடம் வேண்டாமுங்க" என்றார். மூத்தவர் பல்லை இளித்துத் தலையாட்டினார்.

நான் அவரிடம் ஒன்றை மட்டும் காட்டவில்லை. பின்கட்டில் தானியக் கொட்டடி ஒன்று இருந்தது. அதன் நடுத்தூணில் மனிதன் நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்பு வளையம். பங்களாவுக்கு வேண்டிய தேக்கும் கல்லும் மலையிலிருந்து வந்தவை. மலை ஜனங்கள்தான் கூலியில்லாமல் இழுத்துக்கொண்டு வந்தார்கள். வராதவனையும், வந்து பாதியில் ஓடினவனையும் அந்த வளையத்தில் கட்டி அடிப்பார்களாம். காவல்காரர் இதை எனக்குச் சொன்னபோது நாட்டு ஓட்டுக்கு விலை சொல்வதுபோலச் சொன்னார். வளையத்தை அறுத்து எடுத்துவிட்டுப் பூசிவிடச் சொல்லி மூத்தவர் உத்தரவு. பூசினேன். அந்த வீட்டில் நான் செய்த முதல் வேலையே அதுதான்.

காவல்காரர் என்றேனே, அவர் கதைதான் இது. பக்கத்துக் காலனிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பங்களா கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில் அவரும் மனைவியும் இருந்தார்கள். பிள்ளை இல்லை. காலனியில் அவர்களுக்கு இருந்த குடிசையும் மழையில் போய்விட்டது. அந்த அறையைத் தவிர அவர்களுக்கு வேறு கூரை கிடையாது. ஆலைக்காரர், "நீங்க இங்கயே இருங்க, எனக்கும் ஆள் வேணுமல்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூத்தவர் அதோடு ஒரு வால் சேர்த்தார். "மரம் ஒண்ணு போச்சுன்னா நீயும் வெளிய போயிடணும். புரியுதா?" என்றார். காவல்காரருக்கு நன்றாகப் புரிந்தது.

மரத்துக்கு ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை, இளையவரிடமிருந்து வந்தது. விற்பதற்கு முன் தன் பங்கைத் தேற்றிக்கொள்ள நினைத்தார் அவர். ஏற்கெனவே இரண்டு தடவை லாரியோடு வந்து வேப்பமரம் நான்கையும் ஒரு பலாவையும் அறுத்துக்கொண்டு போயிருந்தார். அடுத்தது புளிதான். காவல்காரர் ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தார். "மேஸ்திரி, எனக்கு ஒரு வழி சொல்லுங்க" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அப்போது மூளை கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் வேலை செய்யும். பங்களாவின் முன்மதில் என்றைக்கோ விழுந்து மண்ணாகிவிட்டது. அதனால் புளியமரங்கள் ரோட்டோரத்து மரங்கள் போலவே நின்றன. எங்கள் பக்கத்தில் ரோட்டோரத்து மரத்துக்கெல்லாம் சர்க்கார்க்காரர்கள் வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்து, தாரில் நம்பர் போடுவார்கள். நம்பர் போட்ட மரத்தின் மேல் கோடாலி வைக்க ஒரு பயலுக்கும் தைரியம் வராது, ஜெயில்தான். வேலைக்குக் கரைத்த சுண்ணாம்பு இருந்தது, காவி இருந்தது. ரோடு திரும்பும் இடத்தில் நின்ற கடைசி சர்க்கார் மரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது. நான் இருநூற்றுப் பதின்மூன்றில் ஆரம்பித்தேன். காவல்காரர் சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். ஒரு பகல் முழுக்க அடித்தோம்.

நான்காம் நாள் இளையவர் லாரியோடு வந்தார். இறங்கினார், மரத்தைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார், கழுத்தைத் தடவிக்கொண்டார். லாரிக்காரனே, "சார், இது கவர்மெண்டு மரம், நான் வரல" என்று வண்டியைத் திருப்பிவிட்டான். லாரி கண்ணுக்கு மறைந்த பிறகு காவல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னா மூள மேஸ்திரி உங்களுக்கு!" என்றார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் மறியல் வந்தது.

மறியலைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். கேட்டது நியாயம். மூன்று தலைமுறையாகக் கரும்பும் கம்பும் போட்டு, படித்த பிள்ளை வேலைக்கு நாயாய் அலைவதைப் பார்த்த ஜனங்கள் நாங்கள். என் மனைவியின் தம்பி அப்படி அலைந்தவன். எங்கள் ஊரில் மறியலுக்குத் தலையாக நின்றதும் அவன்தான். வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று முதல்நாள் தண்டோரா போட்டார்கள். நான் போகவில்லை. பயம் என்று சொல்லாமல், கூரைக்குச் செங்கல்பொடி போட்டுக் குழைத்த சுண்ணாம்புக் கலவை காய்ந்துவிடும் என்று சாக்குச் சொல்லி, விடிந்ததும் ஏணி வைத்துப் பங்களா மொட்டைமாடியில் ஏறிக்கொண்டேன். மேலே போகவும் இறங்கவும் அந்த ஏணி ஒன்றுதான் வழி. கூட இரண்டு சித்தாள் பெண்கள் கீழே இருந்தார்கள்.

வெயில் ஏறும் முன்பே சத்தம் கேட்டது. இருநூறு பேர் இருக்கும். கோடாலி, ரம்பம், கடப்பாரை. நைனார்பாளையம் பக்கம் புகை எழும்பிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு பஸ்ஸின் கண்ணாடியை நொறுக்கிவிட்டு வந்திருந்தார்கள். டிரைவர் தலையில் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு வயலில் இறங்கி ஓடுவது மாடியிலிருந்து தெரிந்தது. கூட்டம் பங்களாவுக்கு முன்னால் நின்றது. என் மச்சினன் கையைத் தூக்கிக் கத்தினான்.

"சர்க்கார் மரம் மட்டுந்தான்டா! பட்டா மரத்துல எவனாவது ஒரு கெளைய ஒடிச்சான், நானே அவன் கைய ஒடிப்பேன்!"

அது அவர்கள் கட்டுப்பாடு. அரசாங்கத்தோடுதான் சண்டை, தனியார் சொத்தில் கை வைக்கக் கூடாது. அதில் உறுதியாக இருந்தார்கள். அதைக் கேட்டதும் கரண்டியைப் போட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவருக்கு ஓடினேன். கீழே நாற்பத்தொரு மரமும் என் கையால் போட்ட நம்பரோடு நின்றன.

முதல் மரத்தில் கோடாலி விழுவதற்குள் காவல்காரர் ஓடிவந்து குறுக்கே நின்றுவிட்டார்.

"ஐயா, வேணாங்க. இது பங்களா மரங்க. கவர்மெண்டு மரம் திருப்பத்துக்கு அந்தாண்ட இருக்குதுங்க."

"நம்பர் இன்னாடா போட்டிருக்குது? கண்ணு அவிஞ்சி போச்சா?"

"அது சும்மா போட்டதுங்க."

"சும்மா போட்டதா? கவர்மெண்டு நம்பர எவன்டா சும்மா போடுவான்? எவன் போட்டது?"

காவல்காரர் அண்ணாந்து பார்த்தார். நான் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் இருந்தேன், ஆனால் குனியவில்லை. அவர் கண்ணும் என் கண்ணும் நேராகச் சந்தித்தன. அதில் சந்தேகமே இல்லை.

"கேக்குறேன்ல, எவன்டா போட்டது?"

"தெரிலீங்க" என்றார்.

முதல் அடி கோடாலிக் காம்பால் தோளில் விழுந்தது. "ஜமீன் சோத்தத் துன்னுட்டு எங்களுக்கே காது குத்துறியா?" என்றான் ஒருவன். இன்னொருவன் அவர் தெருவைச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னான். அதை நான் எழுத மாட்டேன். அந்த வார்த்தைக்கு அப்புறம் அடித்தவர்களுக்குக் கணக்கில்லை. சர்க்கார் மேல் இருந்த ஆத்திரம் முழுவதும் அந்த ஒற்றை ஆளின் மேல் இறங்கியது. விழுந்தவர் எழுந்து மறுபடியும் மரத்தைக் கட்டிக்கொண்டார். கையை மரத்திலிருந்து பிரிக்கக் கடப்பாரையால் அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் மாடிக்குக் கேட்டது. பொய் சொல்லவில்லை, கேட்டது. அவர் மனைவி மண்ணை வாரி எறிந்துகொண்டு ஓடிவந்தாள். அவளையும் காலால் தள்ளினார்கள்.

அவர் இன்னும் இரண்டு தடவை மேலே பார்த்தார்.

நான் கீழே போயிருக்கலாம். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. "டேய் மாப்ள, நான்தான்டா போட்டேன், அந்த ஆளை விடு" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. என் மச்சினன் என்னை அடித்திருக்க மாட்டான், காறித் துப்பியிருப்பான். மறியலுக்கு வராமல் ஜமீனுக்குக் கூரை போடுகிறவன் என்று ஊர் பேசும். அதற்குத்தான் பயந்தேன். ஒரு ஆள் சாகிற மாதிரி அடிபடும்போது நான் என் மானத்தை நினைத்துக்கொண்டு நின்றேன். இதைவிட வேறு காரணம் எதுவும் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

உச்சிக்குள் ஒன்பது மரம் ரோட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தது. காவல்காரர் முதல் மரத்தின் அடியில் புளியந்தழைக்குள் கிடந்தார். நான் அப்போதும் இறங்கவில்லை. போலீஸ் வந்தபோதுதான் இறங்கி, சித்தாள் பெண்களோடு தானியக் கொட்டடிக்குள் ஒளிந்தேன்.

மூன்று வேன் வந்தது. எச்சரிக்கை ஏதாவது சொன்னார்களா தெரியாது, எனக்குக் கேட்டது தடியடிச் சத்தமும் அலறலும்தான். அப்புறம் துப்பாக்கி. நான் முதலில் பட்டாசு என்று நினைத்தேன். கொட்டடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு பையன், லுங்கி அவிழ்ந்தது தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தவன், வரப்பில் குப்புற விழுந்தான். எழுந்திருக்கவே இல்லை. கரும்புக்குள் ஓடினவர்களை விரட்டி விரட்டி அடித்தார்கள். கையில் சிக்கினவனையெல்லாம் ஆடுமாடு போல வேனில் அடைத்தார்கள். என் மச்சினன் எப்படியோ மலைப்பக்கம் தப்பிவிட்டான்.

கொட்டடிக் கதவை உதைத்துத் திறந்து எங்களை வெளியே இழுத்தார்கள். நான் மேஸ்திரி என்பதற்குச் சுண்ணாம்பில் ஊறிய என் கையே சாட்சி, அதனால் இரண்டு அறையோடு விட்டார்கள். ரோட்டுக்கு வந்தபோது காவல்காரரை இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிய மரத்தடியில் கிடந்தவன் மரத்தை வெட்டினவன்தானே, அவர்கள் கணக்கு அது. மனைவி அதிகாரியின் காலில் விழுந்து கிடந்தாள்.

"சாமி, அவரு வெட்ட வந்தவரு இல்ல சாமி. மரத்துக்குக் காவலு."

"கவர்மெண்டு மரத்துக்கு உன் புருஷன் என்னடி காவல்?"

"பங்களா மரம் சாமி. மேஸ்திரியக் கேளுங்க, அவருக்குத் தெரியும்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "சொல்லுடா. யார் மரம் இது?"

கடவுள் எனக்கு இரண்டாவது தடவையாக வாய்ப்புக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கார் நம்பரைப் பொய்யாகப் போட்டது நான் என்று சொன்னால் அந்த வேனில் நானும் ஏற வேண்டும். வேனுக்குள்ளிருந்து வந்த சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நம்பர் போட்டிருக்குதுங்களே சார்" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

மறுநாள் காலையில் அவள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். நான் உள்ளே இருந்துகொண்டே இல்லையென்று சொல்லச் சொன்னேன். அதற்கு மறுநாளும் வந்தாள். "ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதும்மா. அவரு கையி தொங்கிக்கினு கீது" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு என் மனைவி அடுப்பை மூட்டவில்லை. "இன்னா பண்ணி வெச்சிருக்கற நீ?" என்று கேட்டாள். பாதியைச் சொன்னேன். அதற்கே சோறு போட மாட்டேன் என்றுவிட்டாள். ஐந்தாம் நாள் ஸ்டேஷனுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் காதோடு சேர்த்து ஓர் அறை விழுந்தது. இப்போதும் இடது காது சரியாகக் கேட்காது. "அஞ்சு நாள் கழிச்சு வந்து கதை சொல்றியா, ஓடு" என்று விரட்டினார்கள். அவரை அதற்குள் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

பங்களாவின் பத்திரத்தையும் சர்வே படத்தையும் காட்டினால் வழக்கு நிற்காது என்று ஒரு வக்கீல் சொன்னார். மூத்தவரிடம் போய் நின்றேன். காவல்காரனுக்காகப் பத்திரத்தைக் கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்றுவிட்டார். விற்பனை முறிந்த எரிச்சலில் இருந்தார் அவர். ஆலைக்காரர் வந்து பார்த்திருந்தார். கார் கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் கீழே வைத்து, ரோட்டில் கிடந்த அடிமரங்களைப் பார்த்துவிட்டு, அந்தக் காலையும் உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அன்றைக்கே காவல்காரரின் மனைவியைச் சட்டிபானையோடு வெளியே தள்ளி அறையைப் பூட்டினார்கள். போராட்டக்காரர்களை எல்லாம் மொத்தமாக விட்டபோதுதான் அவரும் வெளியே வந்தார். அவரை அடித்தவர்களோடு ஒரே வேனில் வந்து இறங்கினார் என்று கேள்விப்பட்டேன்.

நான் போய்ப் பார்க்கவில்லை. எட்டு மாதம் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு, கரியாலூரில் மலைக்காரர் ஒருவர் தோட்டத்தில் காவலுக்கு இருப்பதாகக் காதில் விழுந்தது. ஒருநாள் பஸ் ஏறிப் போனேன்.

மரவள்ளித் தோட்டத்து ஓரத்தில் தழைக் கொட்டகை போட்டிருந்தார்கள். மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து தோட்டத்துக்குள் போய்விட்டாள். அவர் உட்காரச் சொன்னார். வலக்கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கமாகத் திரும்பி ஒட்டியிருந்தது. இடக்கையால் எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அதுவரை அவரை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு வாயில் 'நீங்க' என்று வந்தது. அது எனக்கே கூச்சமாக இருந்தது.

"அத்தன அடி வாங்குனீங்களே. மேஸ்திரிதான் போட்டான்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே. ஏன் சொல்லல?"



"நான் சொன்னா நம்புவாங்களா? அவங்க ஆளு மேல நான் பழி போடறேன்னு இன்னும் நாலு ஜாஸ்தியாப் போட்டிருப்பாங்க. நீங்களா எறங்கி வந்து சொன்னாத்தான் உண்டு. வந்துருவீங்க, இந்தா வந்துருவீங்கன்னு மேலயே பாத்துக்கினு இருந்தேன்."

அவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, எட்டு மாதமாக மனசுக்குள் வைத்திருந்ததைக் கேட்டார்.

"ஏன் மேஸ்திரி, ஏணிய எவனாவது எடுத்துட்டானா?"

அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார், ஒருவேளை நிம்மதிகூடப் பட்டிருப்பார்.

"இல்லீங்க, அங்கயேதான் இருந்துச்சி" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கடைசி பஸ் வரும்வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.